இடது கைச் சாக்பீஸ்

என் கைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் கிடக்கும். நான் வேலை பார்க்கும் பள்ளியில் கரும்பலகையே கிடையாது. ஆனாலும் அதை எறிய மனம் வருவதில்லை.

பி.எட். பயிற்சிக்கு என்னை லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கணக்கு மிஸ்தான் எனக்கு வழிகாட்டி. வகுப்புகளில் அப்போதுதான் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து பழகிக்கொள்ள வேண்டும், மாத முடிவில் மிஸ் அதில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்ற திமிர் வேறு.

மிஸ் எழுதும்போது இடது உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக்கொள்வார். இருபது வருடப் பழக்கம். புதிய போர்டிலோ உள்ளங்கை பட்ட இடமெல்லாம் அழிந்துவிடும். எட்டாம் வகுப்பில் சமன்பாட்டின் மூன்றாவது வரியை எழுதும்போது முதல் வரியைக் காணோம். மறுபடி எழுதினார், மறுபடி போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்த நானும் சிரித்துவிட்டேன். மிஸ் திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சொன்னார்: "வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்மா. புள்ளைங்க சிரிச்சா பரவால்ல. நீயும் சிரிச்சியே."

நானும் என் டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, "சாயங்காலம் இருந்து பழகலாம் மிஸ்" என்றேன்.

பள்ளி விட்டதும் காலி வகுப்பில் இருவரும் பழகினோம். இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். இரண்டே வரியில் அது தானாகப் போர்டுக்கு வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்து அவர் இடது கைக்குள் வைத்து மூடினேன். சாக்பீஸை ஒடித்தால் பிள்ளைகளைத் திட்டுபவர் அவர். ஒடிந்துவிடுமே என்று அந்தக் கை போர்டுப் பக்கமே போகவில்லை.

"அட, எழுதினது நிக்குதுடீ!" என்றார்.

மாத முடிவுப் பாடத்தில் ஒரு வரியும் அழியவில்லை. வேலையை விடும் பேச்சையும் அவர் பிறகு எடுக்கவில்லை. என் பயிற்சி முடிந்த அன்று அந்தச் சாக்பீஸை என்னிடமே கொடுத்தார்.

இப்போது என் வகுப்பிலும் ஒரு பயிற்சி ஆசிரியை இருக்கிறாள். போன வாரம் புதிதாக வந்த ஒரு செயலியில் நான் எதையோ தொட, தேர்வுக் கேள்விகளோடு விடைகளும் திரையில் விரிந்தன. வகுப்பே கைதட்டிச் சிரித்தது. பின் பெஞ்சைப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பயிற்சி ஆசிரியை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"விடுங்க மேடம், யாருக்கும் ஆகறதுதான். சேர்ந்து பாக்கலாம்."

பைக்குள் கையை விட்டுச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்த அன்று, பின் பெஞ்சிலிருந்து போர்டுக்கு நாலு எட்டுதான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.