வைபி பொண்டாட்டியின் ரவிக்கை

இன்னிக்கு பகாவ் டவுன்ல, டைலர் கடைத் திரைக்குப் பின்னால கால் மணி நேரம் மாட்டிக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் தோட்டத்துக் கோயில் திருவிழா. புது ரவிக்கையைப் போட்டுப் பார்க்க உள்ளே போனேன். முதுகுல ரெண்டு ஊக்கு மாட்டிக்கிச்சு. மத்ததுக்குக் கை எட்டல, கழட்டவும் முடியல. டைலரம்மா சாப்பாடு வாங்கப் போயிட்டாங்க.

அப்ப ரெண்டு பொம்பளைங்க வந்து உட்கார்ந்தாங்க. திரை இடுக்குல பார்த்தேன்: கையில போன், அதுல ஏதோ படம்.

"வைபி பொண்டாட்டிய பாரேன். தோட்டத்துல தண்ணி வரல, இவளுக்குப் பட்டு கேக்குது."

"போன மாசம் காட்டன் கட்டுனாளே?"

"அது நடிப்பு லா."

அந்த வைபி பொண்டாட்டி நான்தான். என் வீட்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினரா, அதாவது வைபியா, ஆனதிலிருந்து ரெண்டே பூப்போட்ட பாத்தேக் சட்டையை மாத்தி மாத்திப் போடுறார். அதை யாரும் கவனிச்சதா தெரியல.

வெளியே வந்தா முதுகு தெரியும். உள்ளேயே இருந்தா காது கேட்கும்.

கடைசியில கூப்பிட்டேன். "அக்கா, கொஞ்சம் ஊக்கு மாட்டி விடுறீங்களா?"

ஒருத்தங்க திரையை விலக்கினாங்க. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. ஒவ்வொரு ஊக்கா மாட்டினாங்க.

முடிச்சதும், நெசமான அக்கறையோட சொன்னாங்க: "நல்லா இருக்கு மேடம். கை மட்டும் இன்னும் ரெண்டு விரல் நீளமா வெச்சுக்குங்க. ஆளுங்க பேசுவாங்க லா."

டைலரம்மா வந்ததும் கையை நீளமாக்கச் சொல்லிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா படம் இதே பேஸ்புக் பக்கத்துல வரும். அதுக்குச் சொல்லப் போறதை இப்பவே கீழே எழுதிடுங்க. ரவிக்கை இன்னும் மெஷின்லதான் இருக்கு, மாத்தித் தைக்கலாம்.