ஒரு மனைகூட விற்காதவன்

மனை விற்கும் தொழிலில் பேச வாய் வேண்டும். எனக்கு அதுதான் வராது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, 2003இல் திருப்போரூரில் ஒரு மனை விற்பனை ஆபீசில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்குள் ஒரு மனையாவது விற்றால்தான் வேலை என்றார் முதலாளி. இப்படிக் கெடு வைத்த வேலையில் சிக்கியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

இலவச வேன்

ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வந்து, மனையைக் காட்டி, தயிர் சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்புவோம். ஒரு குடும்பம் மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தது. என் முதல் மனை விற்றுவிட்டதாகவே நினைத்து, வீட்டிலும் சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரம் சாப்பிட்டுக் கை கழுவிய குடும்பத் தலைவர் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, பசங்க ஆசப்படுதுங்க. அப்டியே மகாபலிபுரம் பீச்சாண்ட இறக்கி வுட்டுட்டு போயேன்."

தலைகீழ் எண்கள்

மனைக் கற்களுக்கு எண் எழுதச் சொன்னார்கள். மனைகளின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் வர வேண்டிய ஒன்றாம் எண்ணை ஏரிக்கரைப் பக்கம் எழுதிவிட்டேன். இரண்டு வாரம் எல்லோரும் மாற்றி மாற்றி மனை காட்டியிருக்கிறார்கள். முதலாளி கிழித்த கிழியில் காது அடைத்துவிட்டது. எல்லா மனையின் முன்பக்கத்தையும் திரும்ப அளந்து எண் எழுத வேண்டும் என்பது தண்டனை.

நூறடி டேப்பின் மறுமுனையை வேன் டிரைவர் காசி பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் வெயில். உண்மையைச் சொன்னால், அந்த வேலையில் சேர்ந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்ததே அந்த இரண்டு நாள்தான். காசி அதைக் கவனித்துவிட்டார்.

"கஸ்டமரப் பாத்தா மூஞ்சி தொங்கிப் போவுது. டேப்பு புடிச்சா மட்டும் இன்னா நைனா சிரிப்பு உனுக்கு?"

கடைசி ஞாயிறு

கெடு முடியும் வாரம், செங்கல்பட்டிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மனை பிடித்துவிட்டது, முன்பணத்தோடு வந்திருந்தார். ஒரு தரம் அளந்து மட்டும் காட்டச் சொன்னார். பின்பக்கம் படத்தில் முப்பது அடி. டேப்பில் இருபத்தெட்டுதான் வந்தது. பக்கத்து வயல்காரரின் வரப்பு உள்ளே நின்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். முதலாளி வேறு பக்கத்திலேயே நின்றார். ஆனால் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. இரண்டு அடி குறைகிறது என்று சொல்லிவிட்டேன். டீச்சர் பையை மூடிக்கொண்டு வேனில் ஏறினார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார் முதலாளி.

புதன்கிழமை, காசியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மனைக்காக வரலப்பா. எங்க அண்ணன் தம்பிங்க நெலத்தப் பிரிக்க முடியாம ஒரு வருசமா சண்ட போட்டுகினு கீறாங்க. வேல போனாலும் ரெண்டு அடிய மறைக்காத ஆளு ஒருத்தர் கீறாருன்னு சொன்னேன். நீ அளந்தா ஒத்துக்கிறாங்களாம், வா."

அன்று பிடித்த டேப்பை இன்னும் கீழே வைக்கவில்லை. செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நான் அளக்காத ஊர் குறைவு என்றாலும், இன்றுவரை ஒரு மனைகூட விற்றதில்லை.