தண்ணீரில் கரையாத பெல்லட்

லோரன்ஸுக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுக்க வந்தவர்களை அவர் சும்மா அனுப்பியதும் இல்லை. வட்டவளைக்கு மேலே இருந்த தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்வார்களே அதில், இருபத்திரண்டு வருடம் கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியவர். ஈர விறகைத் தட்டிப் பார்த்தே இது எத்தனை நாள் மழையில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். சில சமயம் கேட்காமலே சொல்லுவார்.

அந்த அடுப்பில் நெருப்பு ஒரு பக்கம், கொழுந்து ஒரு பக்கம். நடுவே இரும்புக் குழாய்கள். சூடு மட்டும்தான் கொழுந்துக்குப் போகும், புகை புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். என்ன கட்டையை எரித்தாலும் தேயிலைக்குத் தெரியாது. நன்றாக எரிகிறதா, மழைக்குத் தாங்குகிறதா, இந்த இரண்டும் போதும் என்றே லோரன்ஸ் இருபத்திரண்டு வருடம் விறகைப் பார்த்திருந்தார்.

ஸ்டோரை மூடினார்கள். தோட்டத்துத் துரையின் பழைய பங்களா ஹோட்டலானது. அங்கே புகையில் இறைச்சி வேக வைக்கும் பெல்லட் அடுப்பு ஒன்று வந்து இறங்கியது. அரைத்த மரத்தூளை அழுத்திச் செய்த, கோழித் தீவனம் போன்ற சின்னச் சின்னக் குச்சிகள்தான் பெல்லட். பெட்டியில் கொட்டினால் மின்சாரத்தில் சுழலும் திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். மேலே இறைச்சி அந்தப் புகையிலேயே ஆறு மணி நேரம் கிடக்கும். ஹட்டன் டவுனில் வளர்ந்த மெனேஜர் நிரஞ்சன், நெருப்புக்கு லோரன்ஸை விட்டால் ஆள் இல்லை என்று அவரைக் கூட்டி வந்தார்.

அதற்கு அடுத்த வருடம் கொரோனா வந்தது. லோரன்ஸுக்குக் காய்ச்சல் போனது, இருமல் போனது, மணம் மட்டும் திரும்பி வரவில்லை. குளிக்கிற சவர்க்காரத்தை மூக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சாம்பிராணியைப் பார்த்தார். கருவாட்டைக்கூட விடவில்லை. ஒன்றும் இல்லை. புகைக்கு வேலை செய்கிற மனுசனுக்கு மூக்கு இல்லை என்றால் கேட்கிறவன் சிரிப்பான். அதனால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். அடுப்பு மூடியைத் திறக்கும்போதெல்லாம், "மெரினா, இங்க வா, தட்டப் புடி" என்று கூப்பிடுவது மட்டும் அன்றிலிருந்து பழக்கமானது. தட்டைத் தானே பிடிக்க முடியாதாக்கும் என்று குசினியில் சமையல் ஆட்கள் முணுமுணுப்பார்கள். மெரினா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

மெரினாவுக்கு நாற்பத்து மூன்று வயது. றொசல்லயில் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், இருந்தாள். தோள்பட்டை விட்டுப்போய், கொழுந்துக் கூடை சுமக்க முடியாமல் குசினிக்கு வந்தவள். இறைச்சிக்கு மசாலா தடவுவது அவள் வேலை.

இந்த வருடம் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த வெளிநாட்டு பெல்லட் நின்றுவிட்டது. நிரஞ்சன் உள்ளூரிலேயே இரண்டு இடத்தில் மாதிரி வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

"நீங்களே பாத்து எடுங்கண்ணே. நீங்க சொல்றதுதான்."

ஒன்று உடப்புசல்லாவையில் ஒருவர் கொய்யா, பேரி மரக் கிளைகளை அரைத்துச் செய்தது. மங்கலாக, ஓரம் உதிர்ந்து, பையின் அடியில் ஒரு பிடி தூள். மற்றது பொல்பிட்டியப் பக்கம் ஒரு மர ஆலையில் செய்தது. ஒரே அளவு, பளபளப்பு, ஒடித்தால் டக்கென்று சத்தம். லோரன்ஸ் இரண்டு கோப்பையில் தண்ணீர் ஊற்றி ஒன்றில் இது நாலு குச்சி, மற்றதில் அது நாலு குச்சி போட்டார். உடப்புசல்லாவைக் குச்சி ஐந்து நிமிடத்தில் ஊதிக் கரைந்து கஞ்சியானது. ஆலைக் குச்சி போட்டபடியே கிடந்தது.

"பாத்தீங்களா சார்? இந்த மழைக்கும் மிஸ்டு மூட்டத்துக்கும் இதுதான் தாங்கும். மத்தது ஒரு வாரத்துல மாவாயிரும்."

ஸ்டோர் அடுப்புக்கு அது சரியான பேச்சு. இறைச்சி அடுப்புக்கு அதைவிடத் தவறான பேச்சு கிடையாது. சுத்தமான மரத்தூள் தண்ணீரில் கரையத்தான் வேண்டும். கரையாமல் நின்றது மரத்தின் பலம் அல்ல, ஆலையில் கலந்த ஒட்டுப்பலகைத் தூளில் இருந்த பசை. ஒரு பிடி எரித்து மோந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். எரித்துப் பார்ப்போமா என்று நிரஞ்சன் கேட்கவும் செய்தார். "எதுக்கு சார் வீணா" என்றுவிட்டார் லோரன்ஸ்.

ஒரு புதன்கிழமை, விடுமுறை நாள். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு முப்பது பேராக வந்திருந்தார்கள். பன்றி விலா பகல் சாப்பாட்டுக்கு. காலையில் புதிதாக வந்த ஆலை மூட்டையைப் பிரித்துக் கொட்டி அடுப்பு பற்றியதும் லோரன்ஸ் வழக்கம் போல் மெரினாவைக் கூப்பிட்டார். மூடியைத் திறந்தார். புகை எழுந்தது. தட்டோடு நின்ற மெரினா மூக்கைச் சுளித்து ஒரு அடி பின்னால் போனாள். லோரன்ஸ் அதைப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள்.

"நீ மசாலாவப் பாரு. நெருப்பு எனக்குத் தெரியும்," என்று மூடியைச் சாத்தினார்.

ஒரு மணிக்குத் தட்டுகள் போயின. ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தன. பிறந்தநாள்காரர் முதல் வாயிலேயே துப்பிவிட்டார். அவர் தங்கை வாந்தி எடுத்தாள். பெயின்ட் நாற்றம் என்றார் ஒருவர், மண்ணெண்ணெய் என்றார் இன்னொருவர். நிரஞ்சன் முகம் வெளிறிக் குசினிக்குள் வந்தார்.

"அடுப்புக் கம்பித் தட்டுல துரு தேய்க்க மண்ணெண்ணெய் எடுத்தீங்களா மெரினா?"

மெரினா லோரன்ஸை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்தேன் சார். சரியாக் கழுவாம விட்டிருப்பேன்," என்றாள்.

லோரன்ஸ் திரும்பி வந்த தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று அடுக்கிக்கொண்டே இருந்தார். அடுக்கி முடிக்கும்போது மெரினாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவள் துண்டை உதறி மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் புதிய மூட்டையில் மிஞ்சியதைச் சத்தம் போடாமல் ஹோட்டல் பின்பக்கம் குழியில் கொட்டி மூடினார். மூடினதும் இன்னும் மோசமாக இருந்தது. திருடன் செய்கிற வேலையை நான் ஏன் செய்கிறேன் என்று தன்னையே கேட்டார். அவள் ஏன் பொய் சொன்னாள் என்பது மட்டும் புரியவே இல்லை.

மாதா கோயில் ஞாயிறு பூசையில் லோரன்ஸ் ஆண்கள் பக்கம் ஓர இருக்கையில் இருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லோரும் திரும்பிக் கை கூப்பினார்கள். நடுப்பாதைக்கு அந்தப் பக்கம், சரியாக எதிரே, மெரினா. அவரைப் பார்த்துக் கை கூப்பி, "சமாதானம்" என்றாள். லோரன்ஸின் கை எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற நல்லமுத்து இவருக்கு என்னவோ என்று முழங்கையால் இடித்தார். அப்போதும் எழும்பவில்லை. அன்று அவர் பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை.

பூசை முடிந்து படியிறங்கும் இடத்தில் அவளை நிறுத்தினார்.

"மண்ணெண்ணெய் எடுத்தியா நீ?"

"இல்லண்ணே."

"பெறகு ஏன் அப்படிச் சொன்ன?"

மெரினா முக்காட்டைத் தோளுக்கு இறக்கினாள். "ரெண்டு வருசம் முந்தி குசினில பால் அடிப்புடிச்சு பங்களாவே நாறுச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்கே தெரியும். பொகைன்னு பேச்சு வந்தா உங்க மூக்குக்குத்தான் வரும். காஸ் சிலிண்டர் வச்சிருக்க எடத்துல மணம் தெரியாத ஆள வச்சிருப்பாங்களா? இந்த வயசுல எங்க போவீங்க? எனக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவாச்சும் கையி இருக்கு."

"தோளு?"

"அது அப்படித்தான்."

அந்தக் கையை அவள் மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மூன்று நாள் கொழுந்து எடுத்திருந்தாள். திட்டியிருந்தால்கூட லோரன்ஸ் தாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை காலை அவர் உடுப்பு மாற்றாமல் நேரே நிரஞ்சனின் அறைக்குப் போனார். மாதிரிப் பைக்குள் எஞ்சியிருந்த ஆலை பெல்லட் ஒரு பிடியைத் தகரத்தில் போட்டுக் கொளுத்தி மேசைக்கு முன்னால் நீட்டினார். நிரஞ்சன் இருமிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

"இதான் சார் அன்னைக்கு நாறுனது. மெரினா மண்ணெண்ணெய் தொடல. எனக்கு மணம் தெரியாது சார், நாலு வருசமா. மறைச்சிட்டேன். அவ எனக்காகப் பொய் சொன்னா."

நிரஞ்சன் தொலைபேசியை எடுத்து மெரினாவின் எண்ணைத் தட்டினார். மன்னிக்கச் சொன்னார், நாளைக்கே வரச் சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பியபோது குரல் இளகியிருந்தது.

"மூக்கு போனது உங்க குத்தமாண்ணே? தெரியாம எடுத்துட்டீங்க. மணமே வராத மனுசன் அந்தப் பொகையில என்னத்தக் கண்டிருப்பீங்க. விடுங்க. காஸ் பக்கம் வேண்டாம், வெளி அடுப்ப மட்டும் பாருங்க."

வாசல் திறந்துதான் இருந்தது. அப்படியே கும்பிட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம். மெரினாவுக்கு வேலை வந்துவிட்டது. தன் வேலையும் பாதி தப்பிவிட்டது. லோரன்ஸ் வாசல்வரை போய் நின்றார்.

"ஆனா ஒண்ணு," என்றார் நிரஞ்சன், "அன்னைக்கு வரைக்கும் இந்த நாலு வருசத்துல ஒரு நாள்கூடப் பொகை பெசகல. மூக்கு இல்லாம எப்படிச் சமாளிச்சீங்க?"

"மெரினா மொகத்தப் பாத்து, சார். மூடியத் தொறக்கிறப்ப அவளக் கிட்ட நிக்க வைப்பேன். மொகம் தெளிவா இருந்தா பொகை சரி. சுளிச்சான்னா நெருப்ப அணைச்சு வேற போடுவேன்."

நிரஞ்சன் சிரிக்கப் போனார். பாதியில் நின்றது.

"அன்னைக்கும் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்," என்றார் லோரன்ஸ்.