சிபானா ராத்தா பார்க்காத மெயில்

நேற்று நண்பகல், லுஹர் தொழுகை நேரம். இன்டர்வியூவுக்குப் பிறகு அனுப்ப வேண்டிய மெயிலை எழுதி, திருத்தித் தரும்படி சிபானா ராத்தாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. வேலை தேடும் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மரணச் செய்திதான் வந்தது: "சிபானா ராத்தா மௌத்தாகிட்டாங்க. டெங்கு."

அக்கா என்ற உரிமையில் ராத்தா என்று அழைத்தாலும், எங்களில் யாரும் அவரை நேரில் கண்டதில்லை. புத்தளம் தில்லையடியில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே லைவ் வருவார். முகம் காட்டமாட்டார். திரையில் யாரோ ஒருவரின் மெயில், பின்னால் அதைத் திருத்தும் அவர் குரல். வேலை தேடி அலையும் எங்களுக்கு அவர்தான் ஸ்டார்!

முதன்முதலில் நான் லைவில் எழுதியது இறால் கதை. சிலாபத்தில் எனக்கு இன்டர்வியூ முடிந்த மறுநாளே வாப்பா ஒரு பை இறாலோடு மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் மாம்புரியில் நன்றி சொல்வது அப்படித்தான். ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேனேஜர் ஒன்ன மறந்துருவாரு தம்பி, எறாலத்தான் ஞாபகம் வெச்சிருப்பாரு! நீ நன்றின்னு நாலு வரி மெயில் எழுது."

எழுதினேன், வீட்டுக் கஷ்டம் அத்தனையையும். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"இது மெயிலா, ஜும்ஆவுக்குப் பொறகு பள்ளிவாசல்ல வாசிக்கிற உதவிக் கடிதமா? அவங்க கேட்ட ஒரு கேள்விய எடு. அங்க சொல்ல மறந்தத சொல்லு. முடி."

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததும் இல்லை. "எனக்கும் கனபேர் பதில் போடல்ல. அதுக்காக எழுதாம இருந்தேனா?" என்றார்.

இப்போது புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் இன்டர்வியூ முடிந்திருக்கிறது. இதுவும் கைவிட்டால் உம்மா சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஏஜென்ட் தினமும் அழைக்கிறான். ராத்தாவுக்கு எல்லாம் தெரியும். போன கிழமை காய்ச்சல் குரலில் வொய்ஸ் போட்டார்: "உம்மாவப் போக விடாத. எழுதி அனுப்பு, நான் பாக்கிறன்."

நேற்று மாலையே, அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். குரூப் பொடியன்கள் கல்பிட்டியிலிருந்தும் வந்திருந்தார்கள். கப்ரில் மண் போட்டுவிட்டு வெளியே வந்ததும், ராத்தா பார்க்காத அந்த மெயிலைத் திறந்து போனை நீட்டினேன். ஒருவன் அழுதுகொண்டே வாசித்தான்.

"தயவுசெய்து, தயவுசெய்துன்னு மூணு தரம் வருது மச்சான். ராத்தா இருந்தா ஏசுவாங்க."

மூன்றையும் வெட்டினோம். விரலில் ஒட்டியிருந்த கப்ர் மண்ணோடு அனுப்பினேன்.

இந்த நிமிடம் வரை பதில் இல்லை. அடுத்த அறையில் உம்மா பெட்டியில் துணி அடுக்குகிறார். நான் இன்பாக்ஸை மூடித் திறக்கிறேன், மூடித் திறக்கிறேன்.

ராத்தா, உங்கள் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கட்டும். உங்கள் முகத்தை இனி சுவர்க்கத்தில்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.