பாக்கியநாதனின் முதல் ஃபாரின் கேஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒருவன் தனக்குப் பாக்கியநாதனைத் தெரியாது என்று சொன்னால், அவனுக்கு இன்னும் அடிபடவில்லை என்று அர்த்தம். இரும்பு ஆலையில் கால் நசுங்கினாலும் சரி, டயர் கம்பெனியில் கை மாட்டிக்கொண்டாலும் சரி, முதல் போன் அவருக்குத்தான் வரும். அடிபட்டவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். தேறியதும் அவன் ஊருக்கே கொண்டுபோய் விடுவார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று அவர் வண்டி பார்க்காத ரோடு இல்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். மூட்டை தூக்கினார், லோடு டெம்போ ஓட்டினார், கடைசியில் மூன்று ஆம்புலன்ஸுக்கு முதலாளி ஆனார். யார் தயவும் கிடையாது. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். படுத்திருக்கிற நோயாளி எழுந்து ஓட முடியாது என்பதால் அவனிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வண்டி ஓட்டுவதில் அவரை அடிக்க இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லை. வேகத்தடை வரும் முன்பே, "மேடு வருது, மூச்சப் புடி... ஆச்சு, வுடு" என்று பின்னால் படுத்திருப்பவனுக்குச் சத்தம் கொடுப்பார். அவன் மூச்சு விடும்போது வண்டி மேட்டைத் தாண்டியிருக்கும். தாண்டியது அவனுக்குத் தெரியாது.

இவ்வளவு இருந்தும் அவருக்கு ஒரு குறை. வளைகுடா நாடுகளில் அடிபட்டுப் படுத்துக்கொண்டே விமானத்தில் வருகிறவர்களை ஏர்போர்ட்டில் இறக்கி வீட்டில் சேர்க்கிற வேலை எல்லாம் பட்டணத்து ஆட்களிடமே போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்றாவது நமக்கு வரவேண்டும் என்று துடித்தார். வருவதற்கு முன்பே ஒரு வண்டியின் நெற்றியில் 'இன்டர்நேஷனல்' என்று எழுதியும் விட்டார்.

அவர் மனைவி ரோசம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆரம்பாக்கம் தாண்டுனா ஆந்திரா. அதுவாய்யா உன் இன்டர்நேசனலு?"

"அங்க வேற பாசை பேசறான்ல? அப்ப இன்டர்நேசனல்தான்."

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஹெலன் என்ற பெண்ணிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டிலிருந்து நோயாளிகளைக் கூட்டி வரும் ஒரு கம்பெனியில் அவள் நர்ஸ். விமானத்தில் நோயாளியோடு வந்து, வீட்டுக் கட்டிலில் படுக்க வைக்கும்வரை கூடவே இருப்பது அவள் வேலை. "அங்கிள், இந்த ஒரு டிரிப் உங்க வண்டியில நானும் வருவேன். திருப்தியா இருந்தா, இனிமே வடக்குப் பக்கம் போற எல்லாமே உங்களுக்குத்தான்" என்றாள்.

பாக்கியநாதனுக்குத் தரையில் கால் பாவவில்லை. உடனே தன் கதையை ஆரம்பித்துவிட்டார். மூட்டை தூக்கியது முடிந்து டெம்போ ஓட்டிய இடத்துக்கு வந்தபோது, அந்தப் பெண் இடையில் புகுந்து சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: "மஸ்கட்லேர்ந்து வந்தவர் அங்கிள். பேரு அன்புராஜ். பாடி. நாளைக்குக் காலைல உங்க பக்கம் இருக்கிற ஆரணிக்குக் கொண்டுபோகணும். ஆஸ்பத்திரி லொகேஷன் அனுப்பறேன்."

இந்தத் தொழிலில் மூச்சு இருந்தால் கேஸ், மூச்சு நின்றால் பாடி. இதைச் சின்னக் குழந்தைகூட அறியும். எனவே பாக்கியநாதன், "கவலையே வாணாம்மா, ராஜ மரியாதையா அனுப்பி வெச்சிடறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் ரோசம்மாள்.

அவர் லொகேஷனைப் பார்த்தார். பட்டணத்தில் பாடி என்கிற பேட்டையைக் காட்டியது. "பாடில கீதுடி. கூத்தப் பாரேன், பாடிலயே பாடி!"

"எதுக்கும் இன்னொரு வாட்டி போன் போட்டுக் கேளு."

"எனக்கே சொல்லித் தர்றியா? எத்தினி வருசமா இந்தத் தொழில்ல கீறேன்?"

கேட்கவில்லை. மாறாக, ஆரணியில் பந்தல், பேனர், மேளம் எல்லாம் எடுத்துச் செய்யும் பச்சையப்பனுக்குப் போன் போட்டார். கம்பெனிக்காரி கூடவே வருகிறாள், நம் ஏற்பாட்டைப் பார்த்து அவள் அசந்து போகவேண்டும் என்பது அவர் கணக்கு. "பேரு அன்புராஜ், மஸ்கட் ஆளு. நம்ம செலவு. ஒரு கொறை இருக்கக்கூடாது" என்றார். பச்சையப்பனும், "நம்ம ஊருப் பையன்தான் நைனா, ஐயோ பாவம், போட்டோ பேஸ்புக்ல எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை பாக்கியநாதன் வெள்ளைச் சட்டை போட்டார். முதல் ஃபாரின் கேஸ் என்பதால் டிரைவரை அனுப்பாமல் ஸ்டியரிங்கை அவரே பிடித்தார். வண்டியின் தலையில் ஐஸ் பெட்டி ஏறியது. முன் சீட்டில் ஆளுயரச் சம்பங்கி மாலை.

பாடிக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். மாலையைக் கையில் ஏந்தி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, காவலாளியிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பாடி எங்கப்பா?"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். "பெருசு, நீ நிக்கறதே பாடிதான்."

"அது தெரியும்ப்பா. நான் கேக்கறது பாடி."

"அதான் சொல்றேன். இப்பிடி போனா வில்லிவாக்கம், அப்பிடி போனா அம்பத்தூரு. நடுவுல கீறது பாடி. காலங்காத்தால ஏன் பேஜார் பண்றே?"

அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. நீலச் சட்டை போட்ட ஹெலன் முன்னால் வந்தாள். பின்னால் தள்ளு கட்டில். அதில் தொடையில் கட்டுப் போட்டு மல்லாந்து படுத்திருந்த முப்பத்தைந்து வயது ஆள் ஒருவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"பாக்கியநாதன் அங்கிளா? வாங்க. இவர்தான் அன்புராஜ்."

அன்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். பாக்கியநாதனின் வாழ்க்கையில் ஒரு பாடி அவரைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே வேர்த்து விழுந்திருப்பான். பாக்கியநாதன் என்ன செய்தார்? ஒரே எட்டு முன்னால் வைத்து மாலையை அன்புராஜ் கழுத்தில் போட்டார். "தாய்நாட்டுக்கு வருக வருக!" என்றார்.

அன்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு அப்புறம் எனுக்கு யாரும் மாலை போட்டதில்ல சார்" என்றான். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவன். நடந்து போனவன் படுத்துக்கொண்டு வருகிறோமே என்று கூசிப்போய், மனைவி பூமிகாவையும் அம்மாவையும் தவிர ஊரில் யாருக்கும் சொல்லவில்லையாம்.

ஹெலனுக்கு மாலை பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் அவள் பார்வை வண்டியின் தலைக்குப் போனது. "மேல என்னது அங்கிள்?"

"ஃபிரிட்ஜும்மா. மருந்து வெக்க."

"இவ்வளவு பெருசாவா?"

"நம்ம சர்வீசு அப்பிடி."

"நல்லதாப் போச்சு. இந்த ஊசி மருந்து குளிர்ச்சியிலயே இருக்கணும். வைச்சிடுங்க." விரல் நீளத்துக்கு ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினாள்.

பாக்கியநாதன் வெள்ளைச் சட்டையோடு வண்டிமேல் ஏறினார். ஆள் படுக்கிற பெட்டியைத் திறந்து, நட்டநடுவில் அந்தச் சின்ன டப்பாவை வைத்து, கண்ணாடியை மூடிவிட்டுப் பயபக்தியோடு இறங்கினார். காவலாளி வாயை மூடவே இல்லை.

வண்டி கிளம்பியது. இனி ஒரே கவலை, ஆரணி. அங்கே பேனர் ஏறுவதற்குள் பச்சையப்பனைத் தடுத்தாகவேண்டும். இந்தப் பெண் அதைப் பார்த்தால் ஏர்போர்ட் வேலை அவ்வளவுதான். ரெட்டேரி தாண்டி, செங்குன்றத்தில் வண்டியை ஓரம் கட்டினார். "டயர்ல காத்து பாக்கணும்மா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் பின்னால் போய் போனைப் போட்டார்.

"பச்சை, அந்த நிகழ்ச்சி வாணாம்."

"இன்னா நைனா வாணாம்? பேனர் கட்டியாச்சு, மேளம் வந்துக்கினு கீது. ஆளு செத்ததுக்கு அப்புறம் வாணான்னா?"

"ஆளு சாவலடா."

"சாவலியா? யாரு சொன்னது?"

"அவரே சொன்னாரு."

பச்சையப்பன் எதிர்முனையில் அழாத குறையாகச் சொன்னான்: "நைனா, அவங்க பெரிப்பா சடையப்பன் வந்து ஒக்காந்துக்கினு அழுதுக்கினு கீறாரு. நெல வெவகாரத்துல பேச்சுவார்த்தை இல்லாத மனுசன். அவரு கையில நான் இன்னா சொல்றது?"

"இன்னா வேணா சொல்லு. பேனர அவுத்துடு. இல்லாட்டி நல்ல விதமா மாத்து."

திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மனம் எங்கே இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்தது. "குழி வருது, மூச்சப் புடி... வுடு." ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் திரும்பியபோது அன்புராஜின் போன் அடித்தது. மாலைக்குள் சிக்கிய கையைத் தூக்கிக் காதில் வைக்க முடியாததால் ஹெலன் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். பூமிகாவின் குரல்.

"ஏங்க, நீங்க உயிரோடதான கீறீங்க?"

"காலைல பேசுனனேடி."

"அதான் கேக்கறேன். தெருமுனைல உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சிக்கீறாங்க. யாரோ ஆம்புலன்ஸ்காரரு சொன்னாராம். அத்தை வெளக்குமாத்த எடுத்துக்கினு அந்தப் பச்சையப்பன தொரத்திக்கினு போய்க்கீறாங்க."

ஹெலன் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். கூரைக்கு மேலே இருப்பதை நினைத்தாள். பிறகு சம்பங்கி மாலையைப் பார்த்தாள். கடைசியாக, டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த பாக்கியநாதனின் கண்களைப் பார்த்தாள்.

"அங்கிள்... நான் பாடின்னு சொன்னது ஊரை."

"நீ ஊருன்னு சொல்லலியேம்மா" என்றார் பாக்கியநாதன். தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. போச்சு, ஏர்போர்ட்டும் போச்சு, இன்டர்நேஷனலும் போச்சு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

அப்போது பின்னாலிருந்து அன்புராஜ் கேட்டான்: "பூமிகா, எந்த போட்டோடி போட்டிருக்கான்?"

"கூலிங்கிளாஸ் போட்டது."

"நல்லா கீதா?"

"கலரா கீறீங்க. யானையாட்டம் பேனரு."

"பெரிப்பா வந்தாரா?"

"வந்தாராவா? மார்ல அடிச்சிக்கினு அழுவறாரு."

அன்புராஜ் சிரிக்க ஆரம்பித்தான். தொடை வலிக்குமே என்று ஹெலன் பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை. "பேனர அவுக்க வாணான்னு சொல்லு. நான் பாக்கணும். பெரிப்பாவயும் புடிச்சி வையி."

ஆரணி வந்தது. தெருமுனையில் மேளக்காரர்கள், சாவுக்கு அடிப்பதா திருவிழாவுக்கு அடிப்பதா என்று தெரியாமல் ரெண்டுங்கெட்டானாக ஒன்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பேனரில் அவசரத்துக்கு ஒட்டிய வெள்ளைத் தாள் பாதி மறைத்தும் பாதி மறைக்காமலும் இருந்தது. ஹெலன் அதைச் சத்தமாகவே படித்தாள்: "ஆழ்ந்த வருத்தத்துடன்... வருக வருக என வரவேற்கும்... உற்றார் உறவினர்."

கட்டில் இறங்கியது. சடையப்பன் கையில் மாலையோடு கூட்டத்தின் முன்னால் நின்றார். செத்தவனுக்கு வாங்கிய மாலையை உயிரோடு இருப்பவனுக்குப் போடுவதா, ஒளிப்பதா என்று புரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"செத்துட்டேன்னு சொன்னாதான் வருவியா பெரிப்பா?" என்றான் அன்புராஜ்.

சடையப்பன், "வாய மூட்றா பேமானி" என்று சொல்லிவிட்டு, மாலையை அவன்மேல் வீசினார். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தை அவரே பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போனார். கூட்டம் கைதட்டியது. விளக்குமாற்றுக்குத் தப்பிய பச்சையப்பன்தான் முதலில் தட்டினான்.

அன்புராஜைப் படுக்க வைத்து, ஊசி போட்டு, எல்லாம் முடித்து ஹெலன் வெளியே வந்தாள். பாக்கியநாதன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையிலேயே அன்றுதான் தன்னைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் அவ்வளவு நேரம் நின்றார்.

"அங்கிள், நீங்க வாயைத் திறந்தா பொய்."

"பொய் இல்லம்மா, கொஞ்சம்..."

"இருங்க. முந்தாநாள் ஏர்போர்ட்லேர்ந்து வந்த வண்டியில இவர் வழி பூரா கத்திட்டே வந்தார். இன்னைக்கு ஒரு தடவைகூட அம்மான்னு சொல்லலை. அதான் எனக்கு வேணும். வேலை உங்களுக்குத்தான்."

பாக்கியநாதன் நிமிர்ந்தார். "அப்பவே சொன்னேன்லம்மா, இந்த ஜில்லாவுலயே..."

"ஆனா ஒண்ணு. போனை நீங்க எடுக்கக்கூடாது. வீட்டம்மாதான் எடுக்கணும்."

அன்றிலிருந்து ஹெலனின் போன் ரோசம்மாளுக்குத்தான் வருகிறது. அவள் எடுத்ததும் முதலில், "உயிரோட கீறாரா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் பெயர், ஊர் எல்லாம். பாக்கியநாதன் வாரத்துக்கு ஒருமுறையாவது ஏர்போர்ட் போகிறார். அங்கே வரிசையில் நிற்கும் பட்டணத்து டிரைவர்களிடம் கைகட்டிக்கொண்டு சொல்வார்:

"நான் இப்பல்லாம் போனே எடுக்கறதில்லப்பா. அதுக்குன்னு வீட்ல ஆள் போட்டுக்கீறேன்."

போன வாரம் இதைச் சொல்லும்போது, அவர் சட்டைப்பையில் ஸ்பீக்கரில் கிடந்த போனில் ரோசம்மாள் லைனில்தான் இருந்தாள்.

"யோவ், யாரப் பாத்து ஆளுன்றே? வந்த ஃபிளைட்டு எறங்கி எம்மா நேரம் ஆவுது, உள்ள போய்யா!"

பாக்கியநாதன் டிரைவர்கள் பக்கம் திரும்பி, "ஆபீஸ்லேர்ந்து" என்று சொல்லிவிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.