ஐந்து அடுக்குக் காலிப் பெட்டிகள்

எண்ணூர் சாலையில் காலடிப்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் தெரிந்த, கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கண்டெய்னர் யார்டில் லோடிங் வேலையை அன்றுதான் விட்டேன். ஒரு மாதமாக வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசருக்கு என்மேல் கடுப்பு என்று நினைத்தேன். மறுநாளே வேறு வேலை பிடிக்காவிட்டால் படுக்கிற இடமும் போய்விடும். அடுத்த யார்டில் பெட்டிகளை இன்னும் உயரமாக அடுக்கியிருப்பதாகக் கேள்வி. அங்கே கேட்கலாம் என்று யோசனை.

யார்டு கேட்டுக்குச் சற்றுத் தள்ளி டீக்கடை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் யார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாக்கணும் மேடம்?"

"மேடம் கீடம்லாம் வாணாம்ணே. நானும் இந்தப் பக்கந்தான், ராயபுரம். செக்யூரிட்டி உள்ள வுடல, அதான் இங்கேந்து பாத்துகினு கீறேன்."

முதலீட்டு நிறுவனம் ஒன்றில் அவள் அனலிஸ்ட். இந்த யார்டு கம்பெனியின் பங்கை வாங்கலாமா, வேண்டாமா என்று ஆராய்ந்து எழுதுவது வேலை. வேடிக்கை பார்க்கச் சம்பளமா என்று ஆச்சரியமாக இருந்தது.

"இத்துக்கு இன்னா படிக்கணும்?"

"நான் பி.காம், அப்பால எம்பிஏ. அதுக்கும் மேல மூணு கட்டமா ஒரு பரீட்சை கீது. ரெண்டாவதுல ஒருவாட்டி கவுந்துட்டேன். கம்பெனி கணக்கப் பார்த்தா எங்க இடிக்குதுன்னு தெரியணும்."

"நான் ஒம்போதாவதே முடிக்கல."

"அப்போ கஷ்டந்தாண்ணே," என்றாள், பூசி மெழுகாமல்.

ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன்.

"எடுக்கறாங்க. பங்கு வாங்குற ஜனம் ஜாஸ்தியாய்டுச்சு. ஆனா புதுப் பசங்க செஞ்ச வேலைய கம்ப்யூட்டரே செஞ்சிடுது. ரிப்போர்ட்ட சுருக்கித் தர ஆள் வாணாம். நேர்ல பாத்து, எதுனாலன்னு சொல்றவனுக்குத்தான் இனிமே மவுசு."

நேரில் பார்த்தவன் நானாயிற்றே. "யார்டு ஃபுல்லு. அஞ்சு அடுக்கு! கம்பெனி சும்மா கில்லி மாதிரி கீது," என்றேன். யார்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கம்பெனியை அளப்போம்.

"பொட்டில சரக்கு கீதா?"

"காலிப் பொட்டிதான்."

"போன வருசம்?"

"மூணு அடுக்கு. நெறைய சரக்குப் பொட்டி. தெனமும் வேலை இருந்துச்சு. இப்பதான் அந்த சூப்பர்வைசர் பாதி நாள் ஆக்கிட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். "சரக்குன்னா ஏத்தணும், எறக்கணும், அதுல துட்டு. காலிப் பொட்டி சும்மா குந்திகினு கீது. உன்ன எதுக்குக் கூப்புடுவான்? சூப்பர்வைசர் பாவம்ணே. நீ சொன்னத மட்டும் வச்சி எழுத மாட்டேன், இன்னும் நாலு யார்டு பாக்கணும்."

"அப்ப நாளிக்கு அடுத்த யார்டுக்குப் போவட்டா?"

"தோடா! அத்த நான் சொல்ல முடியாது. போய் நின்னு பாரு, எந்த வேலை நடக்குதுன்னு."

மறுநாள் காலை அடுத்த யார்டின் கேட்டில் நின்றேன். டிரெய்லர்கள் தடதடத்துக்கொண்டு நுழைந்தன. காலிப் பெட்டி ஏற்றியிருந்தால்தான் அந்தச் சத்தம். லோடிங் வேலைக்கு நீளமான வரிசை; உள்ளே ஒருவரையும் கூப்பிடவில்லை. வேலியோரம் ஒருவர் மட்டும் தனியாகப் பெட்டிகளுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவ வேண்டியவை அவருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

வரிசையை விட்டு விலகிப் போய், கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் என் செருப்பைப் பார்த்தார். "இத்தப் போட்டுகினு வழுக்கி வுழுந்தா நான் பொறுப்பில்ல, மாமு," என்று சொல்லி ஒரு ஜோடி பழைய ரப்பர் பூட்ஸைத் தள்ளினார். முதல் பெட்டியில் அழுகிய வெங்காய வாடை. குழாயை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினேன்.