அம்மா திருப்பிக் கொடுத்த பிஸ்டன்கள்

எங்கள் டிராக்டர் நீலப்புகை விட ஆரம்பித்தபோது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சோளக் காடு. அப்பா மூன்றாம் கையாக வாங்கிய வண்டி அது. டீசலுக்குப் போட்டியாக எஞ்சின் ஆயிலையும் குடித்தது. கலப்பையை இறக்கினால் இரண்டு சால் முடிவதற்குள் இரைத்து நின்றுவிடும். செம்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பிரித்து, மூன்று பிஸ்டன்களையும் எடுத்துச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். பக்கமெல்லாம் கீறல். சிலிண்டர் தப்பித்துவிட்டது, பிஸ்டன்தான் போச்சு என்றார்.

அன்றைக்கென்று பார்த்து மழை பெய்தது. இரண்டு மாதம் ஏமாற்றிவிட்டுப் பெய்த மழை. ஈரம் காய்வதற்குள் உழுது சோளம் விதைத்தாக வேண்டும். வாடகைக்குக் கேட்கலாமென்றால் ஊரிலிருந்த டிராக்டர் எல்லாம் வேறு யார் காட்டிலோ ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திண்டுக்கல்லுக்கு ஓடி, வண்டியின் பேரைச் சொல்லிப் புது செட் வாங்கி வந்துவிட்டார்.

அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு முன் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஆறு வருஷம் மெஷின்களோடு நின்றவள் என்பதையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்தவள், சாக்கின் அருகே உட்கார்ந்து பழைய பிஸ்டன் ஒன்றையும் புதியது ஒன்றையும் கையில் எடுத்தாள். பிஸ்டனுக்குக் குறுக்கே ஒரு துளை உண்டு, இரும்புப் பின் ஒன்றை மாட்டுவதற்கு. அம்மா ஒரே பின்னை இரண்டு துளைகளிலும் சேர்த்துச் செருகி, இரண்டையும் ஒட்டி நிறுத்தினாள். அகலம் சரியாக இருந்தது. துளையும் சரி. புதியதன் தலை மட்டும் ஒரு நகத்தின் கனம் மேலே நின்றது.

"இது ஒசரமா இருக்கே."

சித்தப்பா சிரித்தார். "பழசு தேஞ்சிருக்கும் மதினி."

"தேஞ்சா பக்கந்தான தேயும்? தல எதுல ஒரசுது?"

மெக்கானிக் அண்ணனுக்கு இன்னும் இரண்டு வண்டி காத்திருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே வரும் என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப கடக்காரன் பொய் சொல்லிக் குடுத்துட்டானாக்கும்?"

"அவரு பொய் சொல்லலங்க. நீங்க கேட்டதக் குடுத்தாரு. நாமதான் வேற கேட்டிருக்கணுமோ என்னமோ."

அப்பா மண்ணின் ஈரத்தைப் பற்றி வெகுநேரம் சத்தமாகப் பேசினார். அதற்குள் அம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, எஞ்சின் பக்கவாட்டில் அழுக்கேறிக் கிடந்த தகட்டைத் துடைத்து, அதிலிருந்த நம்பரை என் கணக்கு நோட்டில் எழுதச் சொன்னாள். காலையில் முதல் பஸ்ஸில் போய் வருகிறேன் என்றாள். யாரும் சரி என்று சொல்லவில்லை. புது செட்டோடு பழைய பிஸ்டன் ஒன்றையும் பின்னையும் பையில் போட்டுக்கொண்டு நானும் அவளும் போனோம். வழியில் மூன்று தடவையாவது, "நீயும் பாத்தேல்ல? ஒசரம் தெரிஞ்சுச்சுல்ல?" என்று கேட்டாள். பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்து மூன்று தடவையும் பெருமையாகத் தலையாட்டினேன்.

கடைக்காரர் முதலில் சலித்துக்கொண்டார். நோட்டைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டி, தடிமனான புத்தகம் ஒன்றைப் புரட்டினார். வண்டியின் பேர் அதேதான். ஆனால் யாரோ எப்போதோ அதில் முந்தைய மாடல் எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார்கள். வேறு பெட்டி வந்தது. அம்மா கடைவாசலிலேயே பின்னைச் செருகி, இரண்டு தலைகளின் மேலும் உள்ளங்கையை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை. அதோடும் விடாமல், ஒரே எடைதானா என்று மூன்றையும் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒன்று சற்று கனமாக இருந்தது. கடைக்காரர் அந்த செட்டையே மாற்றிக் கொடுத்துவிட்டு, "எந்த ஊரு மெக்கானிக்குத்தா நீ?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அம்மா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மறுநாள் மதியம் எஞ்சினைப் பூட்டும்போது மெக்கானிக் அண்ணன் கையால் சுற்றிப் பார்த்தார். பிஸ்டன் சிலிண்டரின் விளிம்பு வரை வந்து அளவாக நின்றது. "அந்த மத்ததப் போட்டிருந்தா மொத சுத்துலயே மேல மூடுற ஹெட்டுல முட்டி ராடு வளைஞ்சிருக்கும்ணே" என்றார். அப்பா போய் சீட்டில் ஏறினார். வண்டி இரண்டு முறை இருமியது. வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது. பிறகு அதுவும் நின்று, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. காட்டில் ஈரம் இருந்தது. சித்தப்பா பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டு, பின்னைச் செருகி அளக்கிற முறையைத் தானே கண்டுபிடித்தவர்போலச் செய்து காட்டினார்.

அப்பா முதல் சால் பிடித்துப் போனதும் அம்மா தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளர் அவள் கையில் நிற்கவில்லை. பாதிக் காப்பி சேலையில் சிந்தியது.

"பசிக்குதாம்மா?"

"ஆமாத்தா."

முந்தின நாள் காலையிலிருந்தே அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. ஓடிப்போய்ச் சோற்றில் குழம்பை ஊற்றி, வெஞ்சனமும் வைத்து எடுத்து வந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பசி என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.